கோடைத் தீயிலிருந்து வளவுக் கோழிகளைக் காத்தல்

வடகீழ்ப் பருவக்காற்றின் மழை தை மாதத்துடன் ஓய்ந்தபின், உலர்வலயத்திற் கமஞ்செய்வோர் அடுத்த பெருமழையைப் பெரும்பாலும் ஐப்பசியிலேயே காண்கின்றனர். இடையிற் சித்திரை மாதத்து இடிமழை சிறிது பெய்வதுண்டு. ஆயினும் ஆனி தொடங்கிப் புரட்டாதி முடியும்வரை நிலம் வெடித்தும் புல் காய்ந்துமே கிடக்கின்றது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும் தென்மேற்குக் காற்று, சமவெளியை அடையும்போது ஈரமற்ற வெப்பக் காற்றாகிவிடுகின்றது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிற் கச்சான் என வழங்கப்படுவது இதுவே. பதுளை, மொனராகலை மாவட்டங்களின் பத்தனைப் புல்வெளிகளில் மானாப்புல்லும், சமவெளியில் இலுக்கும் கினிப்புல்லும் இக்காலத்தில் ஒரு நெருப்புப்பொறிக்குக் காத்திருக்கும் விறகாகின்றன.

நம் நாட்டிற் காட்டுத்தீ தானாக மூளுவது மிக அரிது. இங்கு இடியும் மின்னலும் பெரும்பாலும் மழையுடனேயே வருவன. வேட்டைக்காக இட்ட தீ, மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று இட்ட தீ, சேனை வெட்டி எரித்த தீ, அறுவடையின்பின் வைக்கோலுக்கு இட்ட தீ, வீதியோரத்தில் வீசப்பட்ட சுருட்டுத்துண்டு ஆகியனவே ஆண்டுதோறும் காட்டையும் வளவையும் எரிப்பன. ஆகவே கமக்காரர் இத்துண்டுப்பிரசுரத்தை வாசிக்கும்போது, தீயினாற் பாதிக்கப்படுவோராக மட்டுமன்றித் தீயை இடக்கூடியவராகவும் தம்மை நினைத்துக்கொள்ளல் வேண்டும். ஒதுக்கப்பட்ட காட்டினுள் தீ மூட்டுவது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

நெல்லுக்கும் மரக்கறிக்கும் வரும் சேதத்தைப்பற்றி வேறு பிரசுரங்கள் பேசும். இங்கு எடுத்துக்கொண்டது வீட்டு வளவிற் பத்தும் இருபதுமாக வளர்க்கப்படும் கோழிகளைப்பற்றியாகும். இவை சிறு பொருளென எண்ணுவோர் கிராமத்துக் குடும்பக் கணக்கை அறியாதவர். நெல் விற்ற பணம் கடனுக்கும் பசளைக்கும் போய்விட, வீட்டுப் பெண் தன் கையாற் செலவிடக்கூடிய பணம் பல இடங்களில் முட்டைப் பணமே. பிள்ளையின் கொப்பியும் மண்ணெண்ணெயும் அதிலிருந்தே வருகின்றன. அடைகாக்க அறிந்த ஊர்க்கோழி நான்கைந்தை இழந்த வீடு அந்த இனத்தை மீண்டும் பெருக்கி எடுப்பதற்கு ஓராண்டுக்கு மேலும் செல்லலாம்.

கோழிகள் முதலில் மடிவதன் காரணம்

மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டால் அது ஓடித் தப்பும். கோழி அவ்வாறன்று. அச்சங்கொண்ட கோழி தான் இராத்தங்கும் இடத்தையே நாடும். படுவான்கரைக் கிராமமொன்றிற் சிறுபோக அறுவடையின்பின் அயற்காணியில் வைக்கோலுக்கு இட்ட தீ, இலுக்குப் பற்றையூடாக வந்து ஒரு வளவின் கிடுகுவேலியைப் பற்றியது. வீட்டார் முதலிற் செய்த வேலை கூட்டின் கதவைத் திறந்துவிட்டமையே. கோழிகள் வெளியே ஓடின. முற்றத்தை ஒருமுறை சுற்றின. பின்னர் திறந்திருந்த கதவினூடாக ஒவ்வொன்றாய்த் திரும்பக் கூட்டினுட் புகுந்தன. தீ அணைந்தபின் பார்த்தபோது பதினான்கு கோழிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றில் ஒன்றினதும் இறகு கருகியிருக்கவில்லை. கூட்டின் தரையில் இட்டிருந்த உமி கனன்று எழுப்பிய புகையே அவற்றைக் கொன்றது.

இதனை விளங்கிக்கொள்வதற்குப் பறவையின் மூச்சு முறையைச் சிறிது அறிதல் வேண்டும். கோழிக்கு நம்மைப்போல் நெஞ்சறையையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இல்லை. அதன் சுவாசப்பைகளுடன் ஒன்பது காற்றுப்பைகள் தொடர்புற்றிருக்கின்றன. இவற்றின் உதவியாற் காற்று சுவாசப்பையினூடாக ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கின்றது. பறப்பதற்கு வேண்டிய பிராணவாயுவை மிகுதியாகப் பெறுவதற்கு அமைந்த சிறந்த ஏற்பாடு இதுவாயினும், புகையிலுள்ள நஞ்சையும் அதே வேகத்தில் இரத்தத்துக்குக் கொண்டுசெல்வதும் இதுவே. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களிற் காபனோரொட்சைட்டு என்னும் நிறமும் மணமுமற்ற நச்சுவாயுவைக் கண்டறியக் கனேரிப் பறவையைக் கூட்டில் வைத்துக் கொண்டுசென்றனர். 1986ஆம் ஆண்டில் இதற்குப் பதிலாகக் கருவிகளை வைக்க அங்கு தீர்மானிக்கப்பட்டது. மனிதனுக்குத் தலைவலி தோன்றுமுன் பறவை சாய்ந்துவிடும் என்பதே அந்த வழக்கத்தின் அடிப்படை.

வெப்பமும் அவ்வாறே. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியசு. அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து இளைத்தும், சிறகை உடலிலிருந்து விலக்கியுமே அது தன்னைக் குளிர்விக்கின்றது. கச்சான் வீசும் நண்பகலில் இதற்கே பாடுபடும் கோழியைத் துரத்திப் பிடிப்பது தீயைவிட விரைவில் அதனைக் கொல்லக்கூடும்.

தீ வரும் வகை

புற்றீ வேகமாக வரும், வேகமாகவே கடந்துபோகும். காய்ந்த புல் சில நிமிடங்களில் எரிந்து சாம்பலாகிவிடுகின்றது. ஆகவே புல் இல்லாத, வெறுமண்ணாகப் பெருக்கிய ஒரு முற்றத்தின் நடுவில் நிற்கும் கூட்டைத் தீயின் நாக்கு நேரே தொடுவது குறைவு. காற்றில் முன்னே பறந்துவரும் நெருப்புப்பொறியும், வேலிவழியே ஊர்ந்துவரும் தீயுமே கூட்டை எரிப்பன. கிடுகுவேலியொன்று காய்ந்துவிட்டால் அது காட்டிலிருந்து வீட்டுக்கு இட்ட விளக்குத்திரியை ஒக்கும்.

மலைச்சரிவிற் குடியிருப்போர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். தீ மேல்நோக்கியே விரைந்து ஏறும். சரிவு 10 பாகை கூடும்போது அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. ஆதலால் ஊவாப் பகுதிகளில் வளவின் கீழ்ப்புறத்திலிருக்கும் மானாப்புல்லே பகை. மேற்புறத்தில் இருப்பது அத்துணை ஆபத்தன்று.

கூட்டை அமைத்தலும் வளவைத் துப்புரவு செய்தலும்

கூட்டுக்கு எந்தக் கூரை நல்லது என்று கமக்காரர் அடிக்கடி வினவுகின்றனர். கிடுகும் பனையோலையும் குளிர்ச்சியானவை. கைக்கெட்டிய விலையில் அல்லது விலையின்றியே கிடைப்பவை. ஆனால் ஒரு பொறி போதும். தகரம் எரியாது; ஆனால் நிழலற்ற இடத்திலே தகரத்தின் கீழ் அடைபட்ட கோழி தீயில்லாமலே வெந்துவிடும். ஓடு கிடைப்பின் ஓடே சிறந்தது. ஓடு வாங்க இயலாதார் தகரத்தை இட்டு, அதன் மேற்புறத்திற் சுண்ணாம்பு பூசி, மதிய வெயில் படாதவாறு ஒரு பூவரசின் அல்லது வேம்பின் நிழலிற் கூட்டை வைக்கலாம். ஓலைக் கூரையையே வைத்திருக்க வேண்டியோர், ஆனி பிறந்ததும் கூரையின் ஓரத்தில் தொங்கும் கிழிந்த ஓலைகளை அரிந்துவிட்டு, பக்கச் சுவர்களையாவது களிமண்ணும் சாணமும் குழைத்து மெழுகுதல் வேண்டும். எமது முன்னோர் கட்டிய மண்சுவர்க் கூடுகள் இவ்வகையில் இக்காலத்துப் பலகைக் கூடுகளைவிட மேலானவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கூட்டை வைக்கும் இடம் கூரையினும் முக்கியமானது. இடவசதி கருதி வைக்கோற்போருக்கும் விறகடுக்குக்கும் அருகிற் கூட்டை வைப்பது நம்மவர் வழக்கம். இது மிகத் தவறு. வைக்கோற்போர் எரியத்தொடங்கினால் அதனை எவராலும் எளிதில் அணைக்க முடியாது. போருக்கும் கூட்டுக்குமிடையே 50 அடியேனும், கூட்டைச் சூழ 30 அடியேனும் காய்ந்த பொருள் எதுவுமின்றி இருத்தல் வேண்டும். சிறு வளவில் இது இயலாதெனின், போரையாவது காற்று வீசும் திசைக்கு மறுபுறம் மாற்றிவிடுக. கச்சான் தென்மேற்கிலிருந்து வருவது. எனவே போர் வளவின் வடகீழ் மூலையில் இருந்தால் அதிலிருந்து எழும் பொறி வீட்டையும் கூட்டையும் விட்டு அப்பாற் செல்லும். அங்கே அயல்வீடு இருப்பின் அவருடன் கலந்துபேசியே இதனைச் செய்தல் வேண்டும். தன் பொறியை அயலான் கூரைக்கு அனுப்புவது பாதுகாப்பாகாது.

மரக்கறி செய்வோருக்கு ஒரு வசதி உண்டு. நாள்தோறும் நீரிறைக்கும் கத்தரி, மிளகாய், கீரைப் பாத்திகளைவிடச் சிறந்த தீத்தடை வேறில்லை. கோடையிற் பாத்திகளை வளவின் தென்மேற்குப் புறத்தில் அமைத்து, அதற்கப்பால் வற்றாளைக் கொடியைப் படரவிட்டால், வருமானமும் காவலும் ஒன்றாகக் கிடைக்கும். கிணற்றடியில் வாழை வைப்பதும் நன்று; ஆனால் வாழைச் சருகைத் தொங்கவிட்டால் அந்த நன்மை இல்லையாகும். கோழியும் இவ்வேலையில் தன் பங்கைச் செய்கின்றது. அடைப்பிட்டு விட்ட இடத்தை அது கிளறிக் கிளறி ஒரு புல்லுமின்றி வெறுமண்ணாக்கிவிடும். பகலில் அவற்றை வளவின் எல்லையோரமாக அடைப்பில் விடும் வீட்டார், மண்வெட்டி எடாமலே ஒரு தீயெல்லையைப் பெறுகின்றனர்.

வேலியின் வெளிப்புறத்தில் 10 முதல் 15 அடி அகலத்துக்குப் புல்லைச் செருக்கி எடுத்துவிடுதல் வேண்டும். இருசில்லு உழவியந்திரம் உள்ளவர் இரண்டு சால் ஓட்டிவிட்டாற் போதும். செருக்கிய புல்லை அங்கேயே எரித்துவிடலாம் என்னும் எண்ணமே பல தீக்களின் பிறப்பிடம். அதனை எருக்குழியிற் போடுக. அல்லது கத்தரிக்கு மூடுபடையாக இட்டு நீரூற்றுக. கிடுகுவேலி முழுவதையும் அகற்ற இயலாது. எனினும் கூட்டுக்கும் வீட்டுக்கும் அணித்தான பகுதியிற் பத்தடி நீளத்துக்குக் கிடுகை நீக்கி, கிளுவை அல்லது சீமைக்கிளுவைக் கதியாலை நட்டுவிட்டால் வேலிவழியே வரும் தீ அங்கே அறுந்துபோகும்.

உமியைப்பற்றி ஒரு வார்த்தை. ஆழ்கூள முறையில் வளர்ப்போருக்கு உமி இன்றியமையாதது. ஆனால் உமித்தீயின் இயல்பு யாவரும் அறிந்ததே: மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே கனன்றுகொண்டிருக்கும். தீக்காலத்திற் கூளத்தின் தடிப்பைக் குறைத்து, கூட்டின் வாயிலருகே ஓரடி அகலத்துக்கு உமிக்குப் பதிலாக மணலைப் பரப்பிவிடுதல் நன்று. கூட்டின் கீழ் ஒதுங்கிக் கிடக்கும் இறகு, சருகு, பழஞ்சாக்கு முதலியவற்றைக் கிழமைக்கொருமுறை பெருக்கி எடுக்கவேண்டும்.

கதவு அகலமாகவும் வெளிநோக்கித் திறப்பதாகவும் இருத்தல் அவசியம். கள்வருக்கஞ்சிப் பூட்டுப்போடுவோர் அதன் திறப்பைக் கூட்டருகில் இருட்டிலும் கைக்குத் தட்டுப்படும் இடத்தில் வைப்பாராக. முறுக்கிய கம்பியாற் கட்டி வைப்பதிலும் பார்க்கக் கொளுக்கியே மேல்.

கோழியைப் பழக்குதல்

தீ வந்தபின் பிடிக்கலாம் என்பவர் ஒருபோதும் பிடிக்கமாட்டார். ஊர்க்கோழி மாமரத்திலும் முருங்கையிலும் ஏறித் தங்கும் இயல்புடையது. கோடை தொடங்கியதும் அவற்றைக் கூட்டுக்குப் பழக்கிவிடல் வேண்டும். தகரப் பேணியொன்றிற் கைப்பிடி நெல்லை இட்டுக் குலுக்கி, மாலைதோறும் ஒரே ஆள், ஒரே குரலில் அழைத்து, கூட்டினுள்ளே குறுநெல்லைத் தூவினால் இரண்டு கிழமையிற் பேணியின் ஓசைக்கே அவை ஓடிவரும். அதன்பின் வளவின் எப்பக்கத்துக்கும் அவற்றை அவ்வோசையால் அழைத்துச் செல்லலாம். அழைக்கும்போது எண்ணுவதையும் வழக்கமாக்குக. தொகை தெரியாத வீட்டார் தீயின்போது இல்லாத கோழியைத் தேடிப் புகைக்குட் போவர். பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் மகிழ்ந்து செய்வர். ஆனால் தீ வரும் நாளில் அப்பிள்ளை இவ்வேலைக்குரியதன்று என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும்.

கோழி மங்கிய ஒளியிற் கண் தெரியாதது. எனவே இருளில், சிறு வெளிச்சத்துடன், கொம்பிலிருந்து கையால் எடுத்துவிடலாம். அது எதிர்த்துப் பறக்காது. காட்டில் இரண்டு மூன்று நாளாகப் புகை தெரிகின்றது எனில், விடியுமுன்னரே கோழிகளை எடுத்து அடைத்துவைத்துக்கொள்ளுதல் புத்தி. காலை பத்து மணிக்குப்பின் காற்று எழும். நண்பகலிலிருந்து மாலை நான்கு மணிவரையே தீ மிக விரைந்து பரவும் வேளை.

கொண்டுசெல்லும் வகை

மரக்கறி ஏற்றும் பிளாஸ்திக்குப் பெட்டிகள் இன்று பல வீடுகளில் உள. இரண்டை வாயோடு வாய் கவிழ்த்து நான்கு மூலையிலும் கயிற்றாற் கட்டினால் காற்றோட்டமுள்ள நல்ல கூடு ஆகிவிடும். வெயில் வேளையில் இத்தகைய ஒரு கூட்டில் ஐந்து பெருங்கோழிகளுக்கு மேல் அடைத்தலாகாது. பனையோலைக் கடகத்தின்மேல் வலையைக் கட்டியும் கொண்டுசெல்லலாம். சணற்சாக்கு ஒருவாறு உதவும். வாயைக் கட்டியபின் பக்கங்களிற் சில துளைகளை இடுக. யூரியாப் பை வேண்டாம். அதனுட் காற்றுப் புகாது. பசளையின் நெடியும் போகாது.

சந்தைக்குக் கொண்டுசெல்வதைப்போற் காலைக் கட்டிச் சைக்கிளிற் தலைகீழாகத் தொங்கவிடும் வழக்கம் எந்நாளிலும் கொடியது. புகை நாளிற் கொலையாகவே முடியும். தலைகீழான கோழியின் குடலும் ஈரலும் காற்றுப்பைகளை அமுக்குவதால் அது நல்ல காற்றிலேயே மூச்சுக்குத் திணறும். இரு சேவல்களை ஒரு பெட்டியில் இடாதீர். குஞ்சுகளைத் தாய்க்கோழியுடன் தனிக்கடகத்திற் காய்ந்த துணியின்மேல் விடுக. குஞ்சு நனையலாகாது. அடைமுட்டைகளைப்பற்றி என்ன செய்வதென்று பெண்கள் கேட்பதுண்டு. கை ஓய்வாக இருந்தால் உமியும் துணியும் இட்ட சட்டியில் எடுத்துச் செல்லலாம்; சற்று நேரம் குளிர்ந்தாலும் முட்டை கெட்டுவிடாது. கை ஓய்வில்லையெனின் முட்டையை விட்டுத் தாய்க்கோழியை எடுக்க. அது மீண்டும் இடும்.

புகை வரும் பக்கமாகப் பெட்டியின் ஒரு புறத்தில் ஈரச்சாக்கைத் தொங்கவிடலாம். முழுவதையும் ஈரத்துணியாற் போர்த்துவிட்டால் உள்ளே காற்றுப் போகாது. போகுமிடத்தையும் முன்னரே தீர்மானித்திருத்தல் வேண்டும். காற்றுக்கு எதிர்ப்புறம், நீர் நிற்கும் குளத்தின் அணைக்கட்டுக்கு அப்பால் உள்ள உறவினர் வீடாயின் நன்று. எல்லாரும் ஒரே பாடசாலை வளவிற் கோழிகளைக் கொண்டுவந்து குவிப்பதாயின், அவரவர் கோழி அவரவர் பெட்டியிலேயே இருக்கட்டும். இராணிக்கட்டு நோய் ஒரு வீட்டிலிருந்து ஊர் முழுவதும் பரவுவதற்கு இத்தகைய கூட்டமே போதும். அந்நோய்க்குரிய தடுப்பூசியைக் கோடைக்கு முன்னரே பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் ஆலோசனைப்படி ஏற்றிக்கொள்ளுக.

கொண்டுசெல்ல நேரமில்லாதபோது

இப்பிரசுரத்தில் மிகக் கவனமாக வாசிக்கவேண்டிய பகுதி இதுவே. வேலியிற் தீ பிடித்தபின் முதலில் வெளியேற வேண்டியோர் பிள்ளைகளும் முதியோரும் நோயாளரும் ஆவர். அடுத்து ஆடுமாடுகளின் கயிற்றை அறுத்துவிடுதல். அதன்பின்னும் கூட்டருகே மூச்சுவிடத்தக்க காற்றும், திரும்பி வருவதற்கு வழியும் இருந்தாலொழிய எவரும் கோழிக்கென்று போதலாகாது.

கூட்டை அடைய முடிந்தால், கதவைத் திறந்து கோழிகளை வெளியேற்றி, உடனே கதவை மூடிக் கொளுக்கியை இடுக. திறந்த கதவு கோழிக்குப் பொறியாகும் என்பதை மேலே கண்டோம். பின்னர் பேணியைக் குலுக்கியவாறே அவற்றைத் தீயற்ற நிலத்துக்கு அழைத்துச் செல்க. உழுது புரட்டிய வயல், நீர்பாய்ந்த பாத்தி, குளத்தின் சேற்றுத்தரை ஆகியன தகுந்த இடங்கள். அறுவடை முடிந்து அரிதாள் நிற்கும் வயல் தகுந்த இடமன்று. பார்வைக்கு வெளியாகத் தோன்றினும் அது முழுவதும் எரியும். சில கோழிகள் வராமல் ஓடினால் ஓடட்டும். இருள் வந்தபின் அவற்றுட் சில தாமாகவே திரும்பும்.

மருந்து தெளிக்கும் கருவியில் நீரை நிரப்பிக் கூரையை நனைப்போர் உளர். கூரையை நனைக்க அது மிக உதவியே. ஆயினும் பூச்சிகொல்லி விட்ட கருவியிலிருந்து ஒரு துளி நீரும் கோழியின் உடலிலோ குடிநீர்ப் பாத்திரத்திலோ விழலாகாது. நீரிறைக்கும் இயந்திரம் உள்ளவர் அதற்கு எண்ணெய் நிரப்பிக் குழாயையும் பொருத்தி மாலைதோறும் ஆயத்தமாக வைத்திருப்பாராக. மின்சாரத்தால் இயங்கும் இயந்திரத்தை மட்டும் நம்புதல் கூடாது. தீ வந்தால் மின்கம்பியும் அறுந்துபோகலாம். புகை கண்டவுடன் கிராம அலுவலருக்கும் அயலவருக்கும் அறிவித்தல் வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி இலக்கத்தைக் கூட்டின் கதவிலேயே சுண்ணாம்பினால் எழுதிவைத்தாலும் தகும்.

தீ வராது புகை மட்டும் வரும் நாட்கள்

பல கிராமங்களுக்குத் தீ வருவதில்லை. கிழமைக்கணக்காகப் புகைமூட்டம் வரும். அந்நாட்களிற் கோழிகளைத் துரத்துவதோ, இடமாற்றுவதோ, கூட்டைப் பெருக்கித் தூசியெழுப்புவதோ ஆகாது. ஒரு பெருங்கோழி சாதாரண நாளில் ஏறக்குறையக் கால் லீற்றர் நீர் குடிக்கும். வெப்ப நாளில் இதன் இருமடங்கு வேண்டும். பத்துக் கோழிக்கு ஐந்து லீற்றர் என்று கணக்கிட்டு, நிழலில், மட்பாத்திரத்தில், சாம்பல் விழாதவாறு மூடியிட்டு வைத்து, காலையும் நண்பகலும் மாலையும் மாற்றுக. தீனியை விடியற்காலையிலும் மாலையிலும் கொடுக்க. நண்பகலில் உண்ட கோழிக்கு வெப்பம் மிகும்.

வாயைத் திறந்து இளைப்பதும் சிறகை விரிப்பதும் வெப்பத்தின் அடையாளம். கொண்டை கருநீலமாதல், மூச்சில் ஒலியெழுதல், கண்ணை மூடித் தலையைத் தொங்கவிடுதல் ஆகியன புகை உள்ளே சென்றதன் அடையாளம். அத்தகைய கோழியைத் தனியே எடுத்து, நல்ல காற்றுள்ள நிழலில் விட்டு, அருகில் நீர் வைத்து, அமைதியாக இருக்கவிடுதலே வைத்தியம். வாயில் நீரை ஊற்றினால் அது மூச்சுக்குழலிற் போகும். வெப்பத்தாற் சோர்ந்த கோழியின் காலையும் கொண்டையையும் குளிர்ந்த நீரால் நனைக்கலாம்.

தீ கடந்தபின்

தீ அணைந்தது என்று கோழிகளை உடனே பழைய கூட்டில் அடைத்தலாகாது. உமியை மண்வெட்டியாற் புரட்டி நீரூற்றி, மறுநாளும் கையை அருகே பிடித்து வெப்பமுண்டா என்று பார்த்து, பின்னர் முழுவதையும் அள்ளி எறிந்து புதுமணல் இட்டபின்னரே அவற்றை உள்ளே விடுக. சுடுசாம்பலில் நடந்த கோழிக்கு உள்ளங்கால் வெந்திருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் காலைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். வெந்த இடத்தைச் சுத்தமான குளிர்நீரிற் சில நிமிடம் வைத்திருந்து, உலர்ந்த துணி விரித்த இடத்தில் விடுக. எண்ணெயோ பற்பசையோ பூசாது கால்நடை வைத்தியரிடம் காட்டுக.

காடு எரிந்தபின் காட்டுயிர்கள் வளவுக்கு வருகின்றன. கீரியும் நரியும் உடும்பும் இரைதேடி வருவதுடன், பாம்பும் குளிர்ச்சியான கூட்டினுள் ஒதுங்கும். ஆகவே ஒரு மாதமளவேனும் பொழுது சாயுமுன்னரே கோழிகளை அடைத்து, கூட்டினுள் ஒளியடித்துப் பார்த்தபின் கையை நீட்டுதல் வேண்டும்.

மூச்சு நொந்த கோழி மூன்றாம் நாளிலோ ஒரு கிழமை கழிந்தோ கிருமி தொற்றி இறத்தலும் உண்டு. முட்டையிடலும் நின்றுபோகும். இவ்வேளையிலேதான் வியாபாரிகள் மலிந்த விலை கேட்டு வருவர். இனி இது இடாது என்பது அவர் கூற்று. கோழி ஒரு முட்டையை உருவாக்குவதற்கு ஏறத்தாழ 25 மணித்தியாலம் எடுக்கின்றது. ஆனால் அச்சத்தாலும் புகையாலும் குலைந்த உடல் அந்த ஒழுங்குக்குத் திரும்பச் சில கிழமைகள் வேண்டும். இறகு உதிர்ந்தால் இன்னும் அதிகம் செல்லும். எழுந்து தீனியுண்ணும் கோழியை, சிறப்பாக அடைகாக்கும் பேட்டை, அவ்விலைக்குக் கொடுக்கவேண்டாம் என்பது எனது துணிபு. பெருகிய இனம் எஞ்சிய மூன்று கோழிகளிலிருந்தும் மீண்டெழும், விற்றுவிட்டால் அவ்வளவே. வெளியிலிருந்து புதிதாக வாங்கும் கோழிகளை இரண்டு கிழமையேனும் தனியே வைத்துப் பார்த்தபின்னரே இவற்றுடன் சேர்க்கவேண்டும்.

இறந்த கோழிகளை உண்பதோ விற்பதோ நாய்க்கு எறிவதோ தவறு. கிணற்றுக்குத் தொலைவில், மூன்றடி ஆழத்துக்குக் குறையாத குழியிற் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுக. புதைக்குமுன் தொகையைக் குறித்து, இயலுமாயின் படமும் எடுத்து, கிராம அலுவலரிடமும் கால்நடை வைத்திய அலுவலகத்திலும் அறிவித்து வைத்தல் பிற்பாடு உதவும்.

வளவில் எஞ்சிய சாம்பலைப்பற்றியும் வினவப்படுகின்றது. புல்லும் விறகும் எரிந்த சாம்பல் ஆறியபின், மணலுடன் கலந்து ஒரு மூலையிற் குவித்துவிட்டால் கோழிகள் அதிற் புரண்டு செள்ளைப் போக்கிக்கொள்ளும். மிகுதியைக் கத்தரிப் பாத்திக்கு அளவாகத் தூவலாம். பிளாஸ்திக்கும் தகரமும் பழைய மருந்துப் போத்தல்களும் எரிந்த இடத்துச் சாம்பலை மட்டும் தனியே அள்ளி, கோழி கிளறாத இடத்தில் ஆழப் புதைத்துவிடுதல் வேண்டும்.